நாலாகப் பிரிந்த பேப்பர்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைக்கு ஒரே ஒரு ‘தினத்தந்தி’ வரும். முதல் பால் பொங்கி முடிவதற்குள் அது நாலாகப் பிரிந்துவிடும். முதல் தாள் ஓய்வுபெற்ற வாத்தியார் கைக்குப் போகும். மாவட்டச் செய்தி லாரி டிரைவரிடம். ‘கன்னித்தீவு’ இருக்கிற தாளுக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் காத்துக்கிடப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்கள் இரண்டு பேர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, “என்ன வாத்தியாரே, என்ன போட்டிருக்கான்?” என்பார்கள். வாத்தியார் உரக்கப் படிப்பார். ஒரு பெயரையோ தொகையையோ மாற்றிச் சொல்லிவிட்டால், அந்தத் தாள் கைமாறி எதிர் பெஞ்சுக்குப் போனதும் திருத்தம் வந்துவிடும்.

தமிழர்கள் பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டார்கள் என்ற புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வருகிறது. காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த வாத்தியார் போனதுதான் வருத்தம். படித்தவர் கேட்பவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தான் சொன்னதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். நம் ஊரில் செய்தி எப்போதுமே பகிர்ந்துதான் படிக்கப்பட்டது. படித்தவரே பகிர்ந்தார் என்பதுதான் அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாமல் போனது.

உரக்கப் படித்த காலம்

தமிழில் வாசிப்பு நெடுங்காலம் வாயும் காதும் சேர்ந்து செய்த வேலை. புராணமும் பெரிய எழுத்துக் கதைகளும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டவை. கண்ணால் மட்டும் மௌனமாக வாசிக்கும் பழக்கம் நவீன காலத்தில்தான் வேரூன்றியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். செய்தித்தாள் அந்தப் பழைய மரபின் மேல்தான் வந்து உட்கார்ந்தது.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளேடானது. 1904இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த பாரதிக்கு வாய்த்த முக்கியமான பணி, ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. எங்கோ அச்சான நல்ல எழுத்தைத் தேர்ந்து, தன் மக்களுக்குப் புரியும்படி கொண்டுவந்து தருவதையும் பகிர்வு என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பெரும் உழைப்பு தேவைப்பட்டது.

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ இந்தக் கதையின் பெரிய திருப்பம். படித்தவர்களின் தமிழை விட்டுவிட்டுப் பேசுகிற தமிழுக்குப் பக்கமாக நின்றது அந்தப் பத்திரிகை. வாக்கியம் சின்னது, எழுத்து பெரிது, செய்தியின் சாரம் முதல் வரியிலேயே வந்துவிடும். எத்தனையோ பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே தந்தியில்தான். சலூனும் டீக்கடையும் அதை வாங்கிப் போட்டது வியாபாரத்துக்காக. ஆனால் அங்கே உருவானது ஒரு பொதுமன்றம். கனடாவில் பணியாற்றும் மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி தமிழகத்தில் பல ஆண்டுகள் களப்பணி செய்து, இந்த டீக்கடை வாசிப்பையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நமக்குப் பழகிப்போய் கண்ணில் படாதது அவருக்குப் பட்டது.

அரசியல் இயக்கங்கள் இந்த மரபை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தன. திராவிட இயக்கத்தார் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தார்கள். கொட்டகைக்கு அடியில் ஒரு மேசை, ‘விடுதலை’, ‘திராவிட நாடு’, ‘முரசொலி’, சுற்றிலும் இளைஞர்கள். அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்களும் கலைஞர் உடன்பிறப்புக்கு எழுதிய கடிதங்களும் ஆயிரக்கணக்கானோர் கூடிப் படித்தவை. பொதுவுடைமைக் கட்சியினர் ‘ஜனசக்தி’யையும் ‘தீக்கதிர்’ஐயும் தெருமுனைப் பலகையில் ஒட்டினார்கள். அவரவர் கட்சிக் கண்ணாடி வழியாகத்தான் அந்தச் செய்திகள் வந்தன என்பது உண்மைதான். ஆனாலும் படிப்பகத்துப் பையனுக்குத் தான் படிப்பது எந்தக் கட்சியின் தாள் என்பது தெரியும். அதன் பெயர் மேலேயே அச்சிட்டிருந்தது.

நூலகங்களையும் இங்கே சொல்ல வேண்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். எஸ். ஆர். ரங்கநாதன் பாடுபட்டதன் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். வீட்டு வரியோடு சேர்த்து நாம் இன்றும் கட்டுகிற நூலக வரி அந்தச் சட்டம் தந்தது. கிளை நூலகத்தின் நீள மேசையில் ஐந்தாறு நாளேடுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரே சம்பவம் ஒவ்வொன்றிலும் எப்படி உருமாறுகிறது என்பது சொல்லிக்கொடுக்காமலே விளங்கும். ஊடகக் கல்வி என்று இன்று பாடத்திட்டம் வகுக்கிறார்கள். அந்த மேசை அதை இலவசமாகச் செய்தது.

‘மஞ்சரி’யும் ‘கணக்கனும்’

படிக்கத் தகுந்ததைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பத்திரிகை தமிழில் இருந்தது. கலைமகள் நிறுவனம் நடத்திய ‘மஞ்சரி’. தி. ஜ. ர. ஆசிரியராக இருந்து அதை வளர்த்தார். உலக மொழிகளிலும் இந்திய மொழிகளிலும் வந்த நல்ல கட்டுரைகளைச் சுருக்கி, தமிழாக்கி மாதந்தோறும் தந்தது. அறிவியல், பயணம், உலக அரசியல் எதுவானாலும் எடுத்த இடத்தின் பெயரோடு வரும். ஒரு கட்டுரையைச் சுருக்க வேண்டுமானால் முதலில் அதை முழுதாகப் படித்தாக வேண்டும், எது உயிர், எது தசை என்று தெரிந்தாக வேண்டும். இன்றைக்கு ‘நடப்பு நிகழ்வுகள்’ என்ற பெயரில் போட்டித் தேர்வு எழுதுகிற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிற பிடிஎஃப் கோப்புகளைப் பார்த்தால் தி. ஜ. ர.வின் அருமை புரிகிறது. எந்த நாளில் எந்த மாநாடு, எந்த விருது யாருக்கு என்று அவற்றில் எல்லாம் இருக்கும். ஏன் என்ற கேள்வி மட்டும் இருக்காது. அந்தப் பிள்ளைகள் மேல் குற்றமில்லை, கேட்கப்படுகிற கேள்வி அப்படி.

‘தினமணி’யில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருந்த ஏ. என். சிவராமன் ‘கணக்கன்’ என்ற பெயரில் பொருளாதாரத்தையும் அறிவியலையும் தொடர் தொடராக எழுதினார். முழுப் பக்கத்தையும் நிறைத்த கட்டுரைகள். சாதாரண வாசகருக்கு இவ்வளவு போதும் என்று அவர் குறைத்து நினைக்கவில்லை. வெட்டி ஒட்டி நோட்டுப் புத்தகமாகத் தைத்து வைத்திருந்த வீடுகள் உண்டு. என் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு கட்டு இருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: “இதைத் தம்பி படிக்கணும்.” எனக்குத் தெரிந்து ஒரு கட்டுரைக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பரிந்துரை அதுதான்.

இலங்கைத் தமிழருக்குச் செய்தி வாசிப்பு இத்தனை இயல்பாக வாய்க்கவில்லை. 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’யும் 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘ஈழநாடு’ம் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கின. 1981 மே இறுதியில் வெடித்த வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. போர் ஆண்டுகளில் பத்திரிகை போய்ச் சேர முடியாத இடங்களிலும் பிபிசி ‘தமிழோசை’ சிற்றலையில் போய்ச் சேர்ந்தது. ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒரு தெருவே நின்று கேட்டது. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் நாள் நின்றது. மலேசியாவில் 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. தமிழகத்தில் ‘கல்கி’ வார இதழ் 2020இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது.

எழுத்துருவால் அடைபட்ட வழி

இணையத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் 1990களின் பின்பாதியிலேயே வந்துவிட்டன. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இது கதைபோலத் தோன்றும். ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனி எழுத்துருக் குறியாக்கத்தைப் பயன்படுத்தியது. அந்தந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் அந்தந்தத் தளம் தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அவருக்குக் குச்சியும் கோடுமாகப் போய்ச் சேரும். படித்ததைப் பகிரும் வழி எழுத்துருவாலேயே அடைபட்டுக் கிடந்தது.

அதைத் திறந்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செயலியால் கணினியில் தமிழ் எழுத வழிசெய்தார். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றி, பழைய குறியாக்கங்களில் இருந்த உரையை யூனிகோட் எனும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. ‘ஈ-கலப்பை’ போன்றவை தட்டச்சை எளிதாக்கின. ஒருங்குறி நிலைபெற்ற பிறகுதான் ஒரு தமிழ்க் கட்டுரை சென்னையிலிருந்து டொரன்டோவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் எழுத்து சிதையாமல் போனது. நல்ல கட்டுரையைப் பகிர்வது பற்றிப் பேசுகிற நாம் இவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

திரை கைக்கு வந்த பிறகு

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சில ஆண்டுகளில் பத்து இருபது ரூபாய்க்கு வாங்கினார்கள். செய்தித் தொலைக்காட்சிகளின் இரவு விவாதத்துக்குக் காத்திருந்தவர்கள் அதையே துண்டு துண்டாக யூடியூபில் பார்க்கத் தொடங்கினார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, காகிதத்தில் கிருமி ஒட்டி வருமோ என்று பயந்து பல வீடுகளில் பேப்பரை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்திய எத்தனையோ வீடுகளில் அது திரும்ப வரவேயில்லை.

இங்கே ஓர் உண்மையை மறைத்துவிட்டுப் பழைய டீக்கடையைப் புகழ்வது நேர்மையாகாது. அந்தக் கடை ஆண்களின் கடை. என் அம்மா ஒருநாளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பேப்பர் அவரிடம் வரும்போது அது மளிகைப் பொட்டலமாக வந்தது. பிரித்த காகிதத்தைச் சாப்பிடும் தட்டுக்கு அருகே வைத்துப் பாதிச் செய்தியைப் படிப்பார், மீதி கிழிந்திருக்கும். பல ஊர்களில் இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகள் அவை. குவளைக்கே தீட்டுப் பார்த்த இடத்தில் பெஞ்சிலும் பேப்பரிலும் எல்லோருக்கும் சம உரிமை இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கைபேசி இந்தச் சுவரை உடைத்தது. நூறு நாள் வேலைத் தளத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கூலி பாக்கி பற்றிய செய்தியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்தி அவர் கைக்கு வந்திருக்கிறது. இது பெரிய விடுதலை. பேப்பரோடு எல்லாம் போயிற்று என்பவர்களோடு நான் முரண்படும் இடம் இதுதான்.

தலைப்பை மட்டும் பார்ப்பதும் புதிய நோயல்ல. பெட்டிக்கடையில் தொங்கும் பேப்பர் போஸ்டரைப் படித்துவிட்டு நாள் முழுவதும் அரசியல் பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அந்தப் போஸ்டரைக் கழற்றி ஒரே நொடியில் இருநூறு பேர் வீட்டு வாசலில் ஒட்ட அவர்களால் முடியாது. இன்று முடிகிறது.

2016இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்தபோது, 59 விழுக்காடு இணைப்புகளை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்தது. 2024இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் குழு ஃபேஸ்புக்கில் பொதுவில் வந்த 3.5 கோடி இணைப்புகளை எடுத்துக்கொண்டது. பகிர்வுகளில் சுமார் நான்கில் மூன்று பங்கு, உள்ளே போய்ப் படிக்காமலே செய்யப்பட்டவை. தங்கள் அரசியல் சார்புக்கு ஒத்துப்போகும் செய்தியென்றால் இன்னும் அதிகமாகப் படிக்காமல் பகிர்ந்தார்கள். இவை வேறு நாட்டுக் கணக்குகள்தான். ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவை ஒருநாள் பொறுமையாகப் பார்த்தால் இந்த எண்களில் நமக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம் என்றது. பரப்பியவை இயந்திரங்கள் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது, மனிதர்களே பரப்பினார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்குப் போக வழி தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தியது. அதிலிருந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த வட்டாரமெங்கும் பரவியிருந்த நேரம். ஊர் திரண்டு அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். “நம்ம பிள்ளைகள் பத்திரம்” என்ற அக்கறையில் அனுப்பியவர்கள். என்னை உறங்கவிடாதது அதுதான். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி தடுத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. ஒரு விரல் கொஞ்சம் தாமதித்தால் இத்தனை நடக்கிறது.

ஆனாலும் தீரவில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பிகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று, சம்பந்தமே இல்லாத காணொளிகள் வடக்கே சுற்றின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினார்கள். பிகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. தமிழகக் காவல்துறை இந்தியிலேயே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. உள்ளூரில் இதே வேலையைச் செய்வது போலி நியூஸ் கார்டு: அறிமுகமான தொலைக்காட்சியின் சின்னம், அதே நிறம், அதே எழுத்து, உள்ளே அந்தத் தலைவர் சொல்லாத வார்த்தை. ‘யூடர்ன்’ போன்ற சரிபார்ப்புத் தளங்கள் நாள்தோறும் இவற்றைத் தேடிப் பிடித்து மறுக்கின்றன. பொய் போன வீடுகளில் எத்தனைக்கு அந்த மறுப்பு போகிறது என்பதுதான் கேள்வி.

செய்தியே வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களும் பெருகுகிறார்கள். ஆக்ஸ்போர்டில் இயங்கும் ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், செய்தியை அவ்வப்போதோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 விழுக்காடு, 2025இல் 40. அந்தக் கணக்கில் இந்தியா என்பது ஆங்கிலம் அறிந்த இணையவாசிகளையே பெரிதும் குறிக்கிறது. போளூர்க்காரரும் பொள்ளாச்சிக்காரரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை நம் பல்கலைக்கழகங்கள்தான் ஆராய வேண்டும். இதழியல் துறைகள் இதைக் கையில் எடுக்காதது பெரிய குறை.

முழுக் கட்டுரை எதற்கு

2018 பிப்ரவரி 16ஆம் நாள் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழகத்தின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. நியூஸ் கார்டில் வந்தது அவ்வளவுதான். 14.75 டிஎம்சி போயிற்று என்ற கோபம் மட்டும் ஊரெல்லாம் பரவியது. முழுக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு வேறு விஷயங்கள் தெரிந்தன. தமிழகப் படுகையில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பதாகக் கருதி, அதில் 10 டிஎம்சியை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டிஎம்சி ஒதுக்கியது. இது தெரிந்தவர், டெல்டாவின் நிலத்தடி நீர் யாரால் உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்பார். கார்டை மட்டும் பார்த்தவர் கோபத்தோடு நின்றுவிடுவார். இருவரும் ஒரே செய்தியைத்தான் அறிந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கட்டுரைகள் தமிழில் எழுதப்படாமல் இல்லை. ‘தினமணி’யின் நடுப்பக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. 2013இல் தொடங்கிய ‘இந்து தமிழ்’ நாளிதழின் நடுப்பக்கங்கள் பெரும் விவாதங்களை எழுப்பின. பத்திரிகையாளர் சமஸ் 2021இல் தொடங்கிய ‘அருஞ்சொல்’ இணைய இதழ் கட்டுரைகளுக்கென்றே வந்தது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்து உரிய வாசகரைப் போய்ச் சேரும் வாய்க்கால்தான் தூர்ந்துகிடக்கிறது. அந்த வாய்க்காலின் மதகை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் கொடுத்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே நிறுத்திவிட்டது, அந்த நாட்டுச் சட்டத்தோடு உடன்பாடில்லை என்ற காரணத்துக்காக. அப்படியொரு நாள் நமக்கும் வந்தால் கையில் மிஞ்சப்போவது ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதுதான்.

நாங்கள் ஆறு பேர் மூன்று ஆண்டுகளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஒரே ஒரு கட்டுரையை அனுப்புவார். அவர் அதைக் கடைசி வரிவரை படித்திருக்க வேண்டும். எழுதியவர் பெயர், வெளிவந்த இடம், தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஏன் அனுப்புகிறேன் என்று தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். காசு கட்டிப் படிக்கும் கட்டுரையைப் படம்பிடித்து அனுப்புவதில்லை. எழுதியவருக்குப் போக வேண்டிய காசு அது, சந்தாவைப் பங்கு போட்டுக் கட்டுகிறோம். தவறு என்று பிறகு தெரிந்தால் அனுப்பியவரே அதே இடத்தில் திருத்தம் போட வேண்டும். ஒருமுறை நானே போட்டிருக்கிறேன். சில வாரங்களில் யாரும் ஒன்றும் அனுப்புவதில்லை. படிக்கத் தகுந்தது கண்ணில் படவில்லை என்று பொருள், அதிலும் தவறில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அது இன்னாருக்குப் பயன்படும் என்று தோன்றுகிற ஒரே ஒருவருக்கு, ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டால், உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.